புகையானும் நாற்பது நாள் பொறுமையும்

நட்டு இருபது, இருபத்தைந்து நாளான நெல் வயலில் இறங்கி, ஒரு குத்தை இரண்டு கையாலும் விலக்கித் தூர் தண்ணீரைத் தொடும் இடத்தைப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அசையாமல் ஒரு நிமிடம் நின்றால், பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு சிலந்தி தண்ணீர் மேலேயே ஓடி அடுத்த குத்துக்குத் தாவும். முதுகில் கவட்டை போல ஒரு குறி இருக்கும். இது வலை பின்னுகிற ஜாதி இல்லை, ஓடிப்பிடித்துத் தின்கிற ஜாதி. அதனால்தான் ஓநாய்ச் சிலந்தி என்று பெயர். பெண் சிலந்தி முட்டைப் பையைப் பின்புறத்தில் ஒட்டவைத்துக்கொண்டே வேட்டைக்குப் போகும். குஞ்சுகள் பொரிந்ததும் அத்தனையும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வயலில் நான் இப்படிக் குனிந்து நின்றபோது, வரப்பில் வந்த பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லீங்கய்யா, சிலந்தி பாக்குறேன்."

"அது கெடக்கு எட்டுக்கால் பூச்சி. பொகையான் வந்திருக்கான்னு பாருங்க."

அவர் தேடச் சொன்னதும் நான் தேடியதும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றின் சாப்பாடு. வளர்ந்த ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 தத்துப்பூச்சிகள் வரை தின்னும்.

புகையான் என்ற பெயரை யார் வைத்தார்களோ, கண்ணால் பார்த்ததை அப்படியே வைத்திருக்கிறார்கள். பச்சை வயலின் நடுவே வட்டமாக ஒரு திட்டு, புகை பிடித்தது போலக் காய்ந்து நிற்கும். அந்த வட்டம் நாளுக்கு நாள் விரியும். செய்வது சில மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்புத் தத்துப்பூச்சி. தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே நின்று பார்க்கிறவருக்கு இலை பச்சையாகத்தான் தெரியும், அடியில் விருந்து நடந்துகொண்டிருக்கும்.

இந்தப் பூச்சியின் பலம் அதன் முட்டையில் இருக்கிறது. பெண் பூச்சி இலை உறையைக் கீறி, திசுவுக்குள்ளேயே முட்டைகளைச் செருகிவைக்கும். ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் இடும். தெளிக்கிற மருந்து பல நேரம் அங்கே போய்ச் சேராது. தெளித்த அன்று வெளியில் திரிந்த புகையானும் சாகும், சிலந்தியும் சாகும், தட்டானும் சாகும். ஏழெட்டு நாள் கழித்து உறைக்குள்ளிருந்து புதுக் குஞ்சுகள் வரும்போது, தின்ன ஆள் இல்லாத வயல் அவற்றுக்குக் கிடைக்கும். மூன்று நான்கு வாரத்தில் புகையானுக்கு ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. சிலந்தி அவ்வளவு வேகமாகப் பெருகாது. மருந்து அடித்த வயலில் அடிக்காத வயலைவிடப் புகையான் அதிகம் என்று கேட்டால் முரணாகத் தோன்றும், ஆனால் நடப்பது இதுதான். சில செயற்கை பைரித்ராய்டு மருந்துகளை நெல்லுக்கு அடிக்கவே வேண்டாம் என்று வேளாண் துறையினர் சொல்வதற்குக் காரணமும் இந்த மறுபெருக்கம்தான்.

இதை ஒரு நாடு முழுக்கப் பட்டுத் தெரிந்துகொண்டது இந்தோனேசியா. எண்பதுகளில் அங்கே பூச்சிமருந்து விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்தது. கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிற பொருளை யார் அளந்து பயன்படுத்துவார்கள்? அடிக்க அடிக்க ஜாவாவில் புகையான் பெருகியது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணையில் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கத் தடை போட்டார். 1989க்குள் மானியமும் நின்றது. நெல் விளைச்சல் விழவில்லை. சுகார்த்தோவைப் புகழ்வதற்கு எனக்குக் காரணங்கள் அதிகம் இல்லை, ஆனால் இந்த ஒரு கையெழுத்து சரியான கையெழுத்து.

தடை போட்ட பிறகு ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு கேள்வி மிஞ்சியது. நட்ட புதிதில் வயலில் புகையானே இருக்காது. அப்படியானால் அதைத் தின்னும் சிலந்திகள் அதுவரை எதைத் தின்று பிழைக்கின்றன? பூச்சி வந்த பிறகு எதிரி வந்தால் தாமதம்தானே? வில்லியம் செட்டிலும் அவரோடு வேலை செய்தவர்களும் ஜாவா வயல்களை அலசி 1996இல் இதற்குப் பதில் எழுதினார்கள். எனக்குத் தெரிந்து நெல் வயலைப் பற்றிய மிக அழகான கண்டுபிடிப்பு அதுதான்.

பதில் சேற்றில் இருந்தது. தண்ணீர் கட்டிய வயலில் வைக்கோல், தாள்கட்டை, தழை எல்லாம் மட்கும். மட்கியதைத் தின்னச் சின்னஞ்சிறு உயிர்கள் பெருகும். சேற்றைக் கிளறினால் நூல்போல நெளியும் சிவப்புப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் உண்டு, காற்று குறைந்த சேற்றில் அது உயிரோடு இருப்பது அதனால்தான். அந்தப் புழு வளர்ந்து, கொசு மாதிரி இருக்கும், ஆனால் கடிக்காத, ஒரு சிறு ஈயாகப் பறக்கும். நெல்லுக்கு இதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனால் நட்ட முதல் சில வாரங்களில் சிலந்திக்கும் மற்ற வேட்டைப் பூச்சிகளுக்கும் இந்த ஈக்கள்தான் சோறு. அதைத் தின்று அவை பெருகி உட்கார்ந்திருக்கும்போதுதான் புகையான் பறந்து வந்து இறங்குகிறது. எதிரி பின்னால் வரவில்லை, முன்னாலேயே காத்திருக்கிறான். அங்கக உரம் கூடுதலாகப் போட்ட வயல்களில் வேட்டைப் பூச்சிகளும் கூடுதலாக இருந்ததை அவர்கள் எண்ணிப் பார்த்தே சொன்னார்கள்.

தக்கைப்பூண்டை மடக்கி உழுவதும் கொழிஞ்சித் தழை போடுவதும் மண்ணுக்குச் சத்து என்று நமக்குத் தெரியும். அது சிலந்திக்கும் சாப்பாடு என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆக, நட்ட முதல் மாதம்தான் வயல் தன் காவலைக் கட்டிக்கொள்ளும் காலம். நம்மில் பலர் மருந்து டேங்கைத் தோளில் மாட்டுவதும் அப்போதுதான். இலை சுருட்டுப் புழு நாலு இலையைச் சுருட்டி வெள்ளைக் கோடு போட்டிருக்கும், பார்க்க வயிறு எரியும். ஆனால் இளம் நெல் பயிர் இழந்த இலைக்குப் பதில் புது இலையும் தூரும் விட்டுத் தேறிவிடும், பெரும்பாலும் விளைச்சலில் அது தெரியாது. இதைத்தான் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கே. எல். ஹியோங்கும் அவரோடு வேலை செய்த மொனினா எஸ்கலாடாவும் தொண்ணூறுகளில் வியட்நாமின் லாங் ஆன் மாகாணத்தில் எடுத்துச் சொன்னார்கள். விதைத்த முதல் 40 நாள் பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்ற ஒரே வரி. அதை நம்பச் சொல்லவில்லை, வயலில் ஒரு மூலையை விட்டுவைத்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். வானொலியில் சிரிப்பு நாடகமாகவும் போட்டார்கள். ஒரு போகத்துக்கு 3.4 முறை என்றிருந்த தெளிப்பு 1.6 ஆக இறங்கியது.

பழைய பழக்கம் அவ்வளவு லேசில் போகாது. 2006 வாக்கில் அதே வியட்நாமின் மீகாங் வடிநிலத்தில் புகையான் மறுபடி பெருகியது. அதன் பிறகுதான் பலர் வயலை விட்டு வரப்பைப் பார்த்தார்கள்.

வரப்பில் என்ன இருக்கிறது? புகையான் முட்டைக்குள் தன் முட்டையை இடும் குளவிகள் உண்டு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, குளவி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மருந்து எட்டாத இலை உறைக்குள் எட்டுவது இதுதான். வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும், நெல் பூவில் தேன் கிடையாது. பக்கத்தில் ஒரு பூ இருந்தால் அது கூடுதல் நாள் வாழும், கூடுதல் முட்டைகளைத் துளைக்கும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்று நாடுகளில் வரப்பில் தேன் தரும் செடிகளை வைத்து நடத்திய சோதனைகளின் முடிவு 2016இல் வெளியானது. பூச்சிமருந்துத் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. சீனத்தில் அவர்கள் தேர்ந்தெடுத்த செடிகளில் முக்கியமானது எள். குளவிக்கு உதவுகிற அந்தப் பூ, நெல்லைத் தின்னும் அந்துப்பூச்சிகளுக்கு உதவவில்லை என்பதைச் சோதித்த பிறகே அதை எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் வரப்பு உளுந்து புதிதா என்ன? தட்டைப்பயறும் துவரையும் வரப்பில் நின்றவைதான், நின்றது சமையலுக்காக. தட்டைப்பயறில் அசுவினி ஏறும். அது ஏறினால் பொறிவண்டு வரும். அந்த அசுவினி நெல்லைத் தொடாது, ஆனால் அதைத் தின்று கொழுத்த பொறிவண்டு நெல்லுக்குள் இறங்கித் தத்துப்பூச்சிக் குஞ்சுகளையும் பிடிக்கும். இன்று பல இடங்களில் வரப்பில் களைக்கொல்லி அடித்து, கருகிய கயிறு மாதிரி போட்டுவைத்திருக்கிறோம்.

வரப்பை அப்படியே காடாக விடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அகல வரப்பில் எலி வளை போடும். கதிர் நாவாய்ப்பூச்சி, பூத்த புல்லில் தங்கியிருந்து பால் பிடிக்கும் நேரத்தில் நெல்லுக்கு வரும். அண்டை வெட்டுவதில் காரணம் இல்லாமல் இல்லை. வரப்பு ஒல்லியாகவே இருக்கட்டும், புல்லை அறுத்துவிட்டு அந்த இடத்தில் பயறும் எள்ளும் நிற்கட்டும். யூரியாவை ஒரே மூச்சில் கொட்டினால் எந்தச் சிலந்தியாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தழைச்சத்து மிஞ்சிய பயிர் என்றால் புகையானுக்குக் கொள்ளை ஆசை. எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டால் தூருக்கு வெயிலும் காற்றும் போகும்.

மருந்தே கூடாதா என்று மன்னார்குடிப் பெரியவரும் கேட்டார். கூடாது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, திட்டு விழுந்த வயலைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கில், சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்ற அளவை எட்டினால் நடவடிக்கை எடுக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். ஒரே ஒரு எட்டுக்கால் பூச்சிக்காக வரம்பையே இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள்.

அடுத்த முறை டேங்கை மாட்டும் முன் வயலுக்குள் குறுக்கே நடந்து பத்து இருபது குத்தை விலக்கிப் பாருங்கள். புகையானை எண்ணும்போது, பக்கத்தில் ஓடுகிற சிலந்தியையும் எண்ணிவிடுங்கள்.