‘எங்க சரக்கே இல்லை’ என்றால் எழுதி வாங்குங்கள்

வாங்கிய மூன்றாம் மாதமே பவர் பேங்க் வயிறு உப்பிவிட்டது. பெட்டியில் ஒரு வருட வாரண்டி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. சர்வீஸ் சென்டருக்குப் போனால், கவுன்டரில் இருப்பவர் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், இது எங்க ஐட்டமே இல்ல, டூப்ளிகேட்” என்று நீட்டிவிடுகிறார். விற்ற கடையில் கேட்டால், “வாரண்டியெல்லாம் கம்பெனி பாத்துக்கும்ணே, நமக்குச் சம்பந்தமில்ல.” பலர் இந்தக் கட்டத்தில் போனது போகட்டும் என்று பொருளைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். உங்கள் பக்கம் வழக்கு வலுப்பெறுவதே இந்தக் கட்டத்தில்தான்.

பொருள் அசலாக இருந்து பழுதானால் அது வாரண்டித் தகராறு. ரிப்பேர் செய்வதா, மாற்றித் தருவதா, நீங்கள் கீழே போட்டீர்களா என்று கம்பெனி ஆயிரம் கேட்கும். ‘டூப்ளிகேட்’ என்று கம்பெனியே சொல்லிவிட்டால் விவகாரம் மாறிவிடுகிறது. அசல் என்று பொய் சொல்லி விற்கப்படுவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 போலிப் பொருள் என்கிறது. அதை விற்பது குற்றம். அதனால் ஓர் உயிர் போனால் தண்டனை ஆயுள்வரை நீளும். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு விற்றவர் தலையில் வந்து உட்கார்கிறது. அதனால் கவுன்டரில் வாயால் சொன்னதோடு திரும்பி வராதீர்கள். ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், பொருளின் படம், சீரியல் நம்பர், பில் மூன்றையும் இணைத்து கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, ‘இது உங்கள் தயாரிப்பா?’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால், அதைவிட நல்ல சாட்சி உங்களுக்கு வேறு கிடைக்காது.

நூற்றைம்பது ரூபாய் சார்ஜருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். சுவரில் வருவது 230 வோல்ட். சாதாரண சார்ஜர் போனுக்குத் தருவது 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவே தீப்பெட்டி அளவு இடத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். அதன் இரு பக்கச் சுருள்களுக்கு இடையிலும், சர்க்யூட் பலகையின் இரு பாதிகளுக்கு இடையிலும் போதிய இடைவெளியும் காப்பும் இருக்க வேண்டும். போலி தயாரிப்பவர் காசு மிச்சம் பிடிப்பது இங்கேதான்: காப்பு நாடா ஒரு சுற்றுக் குறையும், ஃபியூஸ் இருக்காது, இடைவெளி மயிரிழையாகிவிடும். காப்பு உடைந்தால் வீட்டு மின்சாரம் அப்படியே யுஎஸ்பி கேபிள் வழியாகக் கைக்கு வரும். அமெரிக்காவின் யுஎல் பரிசோதனை நிறுவனம் 2016-ல் 400 போலி ஐபோன் சார்ஜர்களைச் சோதித்தது. தேறியவை வெறும் மூன்று. பன்னிரண்டு, உயிரைப் பறிக்கும் அளவுக்கு மோசம். சார்ஜரைச் செருகியபடி படுக்கையில் போன் பேசுபவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைப்பது நல்லது.

போலியைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். பெட்டி, ஹோலோகிராம், எழுத்துரு எல்லாவற்றையும் நகலெடுக்கிறார்கள். எடையை நம்பியும் பயனில்லை. உருப்படியான சோதனை ஒன்று உண்டு. இந்தியாவில் போன் சார்ஜர், பவர் பேங்க், லித்தியம் பேட்டரி எல்லாம் இந்திய தர நிர்ணய அமைவனத்தில், அதாவது பி.ஐ.எஸ்.-ல், கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டியவை. பொருளின் மேல் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும், சிறு கோடும், எட்டு இலக்க எண்ணும் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் வகை, பிராண்டு தெரியும். எண் இருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. சார்ஜரில் உள்ள எண்ணைப் போட்டால் யாரோ தயாரித்த எல்இடி விளக்கு வருகிறதென்றால், எண்ணைத் திருடி ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே செயலியில் புகாரும் கொடுக்கலாம்.

எல்லாக் குறையும் போலியின் அடையாளம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘10,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கு, 5,000 பேட்டரி உள்ள போன் ஒரு தடவைக்கு மேல் கொஞ்சம்தான் ஏறுது’ என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த 10,000 உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டாக மாற்றும்போது 7,400 ஆகிவிடும். வெப்பமாகப் போகும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறையும். பெட்டியில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று சிறிய எழுத்தில் இருப்பதுதான் நிஜக் கணக்கு.

பில்லுக்கு வருவோம். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ‘பில் வேணும்னா ரேட்டு வேற’ என்ற பேச்சு காதில் விழாமல் யாரும் நடந்திருக்க முடியாது. பில் தராததே 2019 சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையும் குறையுள்ள பொருள் விஷயத்தில் செல்லாது: பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாளைக்குள் அதைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. பில் இல்லாமல் வாங்கியிருந்தாலும் ஜிபே, கார்டு பதிவு கையில் இருக்குமே, அதைக் காட்டலாம். இணையத்தில் வாங்கியிருந்தால் இன்னும் வசதி. 2020-ன் மின்வணிக விதிகளின்படி போலிப் பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்த்தாக வேண்டும்.

சார்ஜர் வெடித்து போன் கருகியது, மெத்தை எரிந்தது என்றால் அது 2019 சட்டத்தின் ‘பொருள் சார்ந்த பொறுப்பு’ என்ற தனி அத்தியாயத்தில் வரும். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றவர், தயாரிப்பாளரின் இடத்தில் நின்று இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. போலிக்கு அப்பன் பெயர் தெரியாது என்பதால், கடைக்காரர் தப்ப முடியாது.

ஒன்று மட்டும் இந்த வழியில் வராது. இ-சிகரெட், வேப் கருவிகளின் விற்பனையையும் இறக்குமதியையும் இந்தியா 2019-லேயே தடை செய்துவிட்டது. அவற்றை ‘ஒரிஜினல், ஆறு மாத வாரண்டி’ என்று விற்பவரின் வாக்குறுதி, காகிதத்தில் இருந்தாலும் வெறும் காற்று.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ‘ஈ-ஜாக்ரிதி’ தளத்திலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. கடையோடு கம்பெனியையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ‘இது எங்களுடையது அல்ல’ என்று அவர்களே ஆணையத்தில் பதில் மனு போடட்டும்.

பொருளை மட்டும் நீங்களோ தெருமுனை மெக்கானிக்கோ திறக்கக் கூடாது. தேவைப்பட்டால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். திறந்த பொருள் என்றால் எதிர்தரப்புக்கு அதுவே சாக்கு. உப்பிய பேட்டரியை வீட்டில் வைத்திருப்பதும் ஆபத்துதான். சார்ஜ் ஏற்றாமல், அழுத்தாமல், வெயில் படாத இடத்தில், துணி, காகிதத்திலிருந்து தள்ளி ஒரு மண்சட்டியில் வையுங்கள். கூரியரில் அனுப்ப வேண்டாம். நாலா பக்கமும் படமெடுத்து, பொருள் எந்த நிலையில் எங்கே இருக்கிறது என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.