நாப்பது வீதம் எண்டால் குறைவோ?

கன நாளாப் பதிவு ஒண்டும் போடேல்லை. படிப்பும் பகுதிநேர வேலையும் எண்டு போயிட்டுது. இண்டைக்கு ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வந்தனான்.

இங்க எட்மண்டனில சனிக்கிழமைப் பின்னேரம் எங்கட பெடியள் பாஸ்கெட்போல் விளையாடுவினம். நான் விளையாட்டில சுமார். கணக்கெழுதுறதுதான் என்ர வேலை. ஆர் எத்தினை ஷொட் அடிச்சான், எத்தினை விழுந்தது எண்டு கொப்பியில குறிப்பன். போன மாசம் ஒரு போட்டிக்கு ஆள் தெரியேக்கை, அண்ணா ஒருத்தர் என்ர கொப்பியைப் பாத்திட்டு, "சின்னவனுக்கு 40 வீதம்தானே, வெளியில இருக்கட்டும்" எண்டார். சின்னவன் ஒண்டும் கதைக்கேல்லை. பையைத் தூக்கிக்கொண்டு 149 பஸ்ஸில ஏறிப் போயிட்டான்.

இரவு கொப்பியைத் திருப்பிப் பாத்தன். சின்னவன் அடிச்சது 10, விழுந்தது 4. நாலும் மூண்டு புள்ளி ஷொட். மொத்தம் 12 புள்ளி. அவன்ர இடத்துக்குப் போனவன் 10க்கு 5, எல்லாம் வளையத்துக்குக் கிட்ட நிண்டு. 50 வீதம், ஆனா 10 புள்ளிதான்!

இதுக்கு எஃபெக்டிவ் ஃபீல்ட் கோல் வீதம் எண்டு ஒண்டு இருக்கு. விழுந்த மூண்டு புள்ளி ஷொட் ஒவ்வொண்டையும் ஒண்டரையா எண்ணவேணும். அப்பிடிப் பாத்தால் சின்னவனுக்கு 60, மற்றவனுக்கு 50.

ஃப்ரீ த்ரோவையும் சேக்கிறது ட்ரூ ஷூட்டிங். ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44 ஆல பெருக்கி ஷொட்டுகளோட கூட்டி, வாறதை இரண்டு மடங்காக்கி, எடுத்த புள்ளியை அதால பிரிக்கிறது. இரண்டு ஃப்ரீ த்ரோ ஒரு ஷொட்டுக்குச் சமன் எண்டால் 0.5 தானே? ஆனா கூடை விழேக்கையே ஃபவுல் நடந்தால் கிடைக்கிற ஒற்றை ஃப்ரீ த்ரோ புது வாய்ப்பு ஒண்டையும் செலவழிக்காது. அதாலதான் குறைச்சிருக்கு.

என்.பி.ஏ.யில பாருங்கோ. 1999-2000 இல ஷக்கீல் ஓ'நீல் 57.4 வீதம், 2015-16 இல ஸ்டெஃபன் கரி 50.4 வீதம். ஷக் திறம் போலத் தெரியும். ட்ரூ ஷூட்டிங்கில கரி 66.9, ஷக் 57.8! கரி அந்த சீசனில 402 மூண்டு புள்ளி ஷொட் போட்டவர். ஷக் ஃப்ரீ த்ரோவில பாதியளவைத் தவறவிட்டவர்.

நான் ஏன் பிழைவிட்டன்? கணக்கெழுதப் பழகினது ஊரில அக்காவின்ர வலைப்பந்துப் போட்டியில. அங்க எந்தக் கோலுக்கும் ஒரு புள்ளிதான், வெறும் வீதமே காணும். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில ஆகக்கூடக் கோல் போட்ட எங்கட தர்ஜினி சிவலிங்கத்தை அப்பிடி அளக்கலாம். ஆனா 2020 இல அவுஸ்திரேலிய சூப்பர் நெட்போலில தூர ஷொட்டுக்கு இரண்டு புள்ளி குடுக்கத் தொடங்க, அங்கயும் பழைய கணக்கு பத்தாமப் போச்சு.

அடுத்த கிழமை அண்ணாவிட்டக் கொப்பியைக் காட்டினன். "நீ எழுதினதைத்தானேடா நான் பாத்தனான்" எண்டார். உண்மைதான். சின்னவனுக்கு ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டன். இந்தச் சனி வாறானாம். இப்ப கொப்பியில மூண்டு நிரல்.

பி.கு: 10 ஷொட்டை மட்டும் வைச்சு ஒருத்தரையும் வெளியில இருத்தாதேங்கோ. அது எந்தக் கணக்கிலயும் காணாது.