வெஃகலும் அவாவும்

தமிழ்ப்பள்ளியில் செய்யுள் மொழியணிக்காகக் குறள்களை மனனம் செய்தோம். பொருளையும் சேர்த்தே மனனம் செய்தோம். அதிகாரத்தின் பெயர் தேர்வில் வராது என்பதால் அதை யாரும் பார்த்ததில்லை. தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு, பேராசை என்றாலே மலாய் மொழியின் 'தாமாக்' என்ற ஒற்றைச் சொல்தான் என் மனத்தில் நின்றது.

வள்ளுவர் அதை ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. 18ஆம் அதிகாரம் வெஃகாமை. 37ஆம் அதிகாரம் அவா அறுத்தல். முன்னது இல்லறவியலில் உள்ளது, பின்னது துறவறவியலில் உள்ளது. வெஃகுதல் என்பது பிறருக்கு உரியதை முறையின்றி அடைய எண்ணுவது. அவா என்பதோ எப்பொருள்மீதும் எழும் வேட்கை. அதை வேரோடு அறுக்கச் சொல்வது துறவியிடம். இல்லறத்தானிடம் ஆசையே கூடாது என்று சொல்பவர், பொருளை ஈட்டச் சொல்லிப் பொருள் செயல்வகை என்று தனியாக ஓர் அதிகாரம் (76) எழுதியிருப்பாரா? ஈட்டியதைத் தானும் துய்க்காமல் பிறருக்கும் ஈயாமல் பூட்டி வைப்பது வேறொரு குற்றம். அதற்கு நன்றியில் செல்வம் (101) இருக்கிறது.

வெஃகாமை ஏன் அழுக்காறாமைக்கு அடுத்து வருகிறது? பிறர் உடைமையைக் கண்டு பொறாமைப்படுவது மட்டுமன்று, அதைக் கவரக் கருதுவதும் குற்றம் என்பதற்காகவே என்கிறார் பரிமேலழகர். கை நீட்ட வேண்டியதில்லை, எண்ணமே போதும். இந்த அதிகாரத்தில் இரண்டு குறள்கள் மாணவர்களாகிய நம்மைத்தான் பார்க்கின்றன. 'என்னிடம் இல்லையே' என்பது வெஃகுவதற்குக் காரணம் ஆகாது என்கிறது 174ஆம் குறள். நுண்ணிய, பரந்த அறிவு இருந்தும் வெஃகினால் அந்த அறிவால் என்ன பயன் என்று கேட்கிறது அடுத்தது.

இவற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் சொன்ன பணத் திட்டத்தில் 300 வெள்ளி போட்டேன். முதலாம் ஆண்டு மாணவர் இருவரையும் சேர்த்துவிட்டேன். ஆளுக்கு 300 வெள்ளி, கல்விக் கடன் பணம். எனக்குத் தலைக்கு 50 வெள்ளி கமிஷன் கிடைத்தது. இரண்டே மாதத்தில் திட்டம் காணாமல் போனது. 'நானும் ஏமாந்தவன்தானே' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வள்ளுவரின் பிரிவில் வைத்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. என் 300 வெள்ளியைப் பெருக்க நினைத்தது அவா. அந்த 100 வெள்ளி? அங்கே விற்ற பொருளும் இல்லை, செய்த வேலையும் இல்லை. அது அவ்விருவர் பையிலிருந்துதான் வந்தது. அதை வாங்கும்போதே எனக்குத் தெரியும்.

ஆளுக்கு 50 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீதி 250ஐ இருவரும் கேட்கவில்லை. ஒருவர் இன்னமும் சிற்றுண்டிச்சாலையில் 'அண்ணா' என்று அழைத்துப் பக்கத்தில் வந்து உட்காருகிறார். நான்தான் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடுகிறேன்.