அளவுக்கு ஏத்த சைக்கிள்

"லேடீஸ் சைக்கிள்னா ஒரே அளவுதானுங்க அக்கா." கோவையில் நான் ஏறி இறங்கிய நாலு கடையிலும் இதே பதில்தான். என் உயரம் 4 அடி 10 அங்குலம். 26 இஞ்ச் வண்டியில் சீட்டைக் கடைசி வரை இறக்கியும் கால் நுனிதான் தரையைத் தொட்டது. "ஓட்ட ஓட்டப் பழகிடுமுங்க" என்றார் ஒருவர். ரவிக்கைக்கே அளவு கொடுத்துத்தானே தைக்கிறோம்!

டவுன் பஸ்ஸில் 2021 முதல் நமக்கு டிக்கெட் இல்லைதான். ஆனால் எங்கள் ஊருக்கு பஸ் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. இடையில் பால் சொசைட்டி, ரேஷன், பையனின் டியூஷன் எல்லாவற்றுக்கும் யார் கையையாவது எதிர்பார்க்கணும். அதனால் சைக்கிள் வேண்டாமென்று விட மனசில்லை.

வழி சொன்னவர் எங்கள் ஊர் சைக்கிள் ரிப்பேர்க்காரர். "26ங்கிறது சக்கரத்தோட அளவு அம்மணி. உங்களுக்கு வேண்டியது பிரேம் அளவு" என்றார். பெடல் அச்சிலிருந்து சீட் பைப்பின் மேல்முனை வரை உள்ளதுதான் அது. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். (கடைப் பையன் சிரித்தான், சிரிக்கட்டும்.) பெரிய பிள்ளைகளுக்கான 24 இஞ்ச் வண்டியில் பிரேம் சின்னதாக இருந்தது. அதையே வாங்கினேன். ரிப்பேர்க்காரர் நீளமான சீட் கம்பி மாட்டி, ஹேண்டிலையும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார். கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள்; அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது, கம்பி ஒடிந்துவிடும்.

சீட் உயரம் சரியா என்று பார்ப்பது சுலபம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். வயசாகிவிட்டதென்று தைலம் தேய்க்கும் முன் சீட்டைப் பாருங்கள். கை எட்டவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் உள்ள நட்டைத் தளர்த்தி முன்னால் தள்ளலாம். விரல் பிரேக் பிடியை நன்றாகப் பிடிக்கணும், அது முக்கியம்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்களாம். குறுக்குப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமென்று அதையே விரும்பியவர்களும் உண்டு. சேலையோடு எப்படித்தான் ஏறினார்களோ!

பள்ளிக்கூடத்தில் தரும் விலையில்லா சைக்கிளையும் வந்த நிலையிலேயே பிள்ளைகளிடம் விட்டுவிடாதீர்கள். ஸ்பேனர் இருந்தால் பத்து நிமிஷ வேலை. ஒரு வாரம் ஓட்டியதும் சீட் நட்டை மறுபடி முடுக்கிவிடுங்கள், புதுசில் அது இளகும்.

- ஒரு வாசகி, அன்னூர்