வருமுன் காத்த மருத்துவர்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் ஏற்காட்டை அடைகிறோம். ஏரியும் காடும் சேர்ந்தே அவ்வூருக்குப் பெயர் தந்தன என்பர். அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலைச் சரிவுகளில், மிளகுக் கொடி படர்ந்த மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள் செழித்து வளர்கின்றன.

அச்செடிகளுக்கு ஒரு கொடிய பகை உண்டு. தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு, தண்டினுள் புகுந்து ஓசையின்றிக் குடையும். இலை மஞ்சளித்து வாடும்பொழுது காரியம் மிஞ்சியிருக்கும். ஆகவே, அறிவுள்ள தோட்டக்காரர் வாட்டம் தோன்றும்வரை காத்திரார். நிழல் குறையாமல் பார்த்துக்கொள்வார். வண்டு பறக்கும் பருவத்திற்கு முன்பே பட்டையைத் தேய்த்துத் துப்புரவு செய்வார். தண்டில் தடிப்பு எழுந்துள்ளதா என்று செடி செடியாகப் பார்த்து, பழுதுற்றதை அகற்றுவார். முன்னிரண்டும் வராமல் தடுக்கும் வழி. மூன்றாவது, வந்ததைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வழி. மனித உடலைக் குடையும் புற்றுநோய்க்கும் இவ்விரு வழிகளே சிறந்தவை. இதனைத் தம் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய மருத்துவர் ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் டாக்டர் வி. சாந்தா.

அவருடைய வரலாறு வேறொரு பெண்மணியின் துயரத்திலிருந்து தொடங்குகிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றவர். அவருடைய தங்கைக்கு வந்த குடற்புற்று, சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டது. உண்மை தெரிந்தபொழுது காலம் கடந்துவிட்டது; தங்கை 1923இல் மறைந்தார். அத்துயரம் முத்துலட்சுமி அம்மையாரின் உள்ளத்தில் ஓர் உறுதியாக மாறிற்று. புற்றுநோய் வந்தால் சாவுதான் என்று மக்கள் நம்பிய காலம் அது. அதற்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தனர். எனினும் அம்மையார் சோர்வடையவில்லை. சென்னை அடையாற்றில் 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தன் பணியைத் தொடங்கிற்று. அம்மையாரின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார்.

அடுத்த ஆண்டு, 1955இல், அங்கே வந்து சேர்ந்தவர்தான் சாந்தா. மயிலாப்பூரில் 1927 மார்ச் 11இல் பிறந்த அவருக்கு, விஞ்ஞானி சந்திரசேகர் தாய்மாமன், சர் சி. வி. ராமன் பாட்டனாரின் தம்பி. மகப்பேறு மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றிருந்த அவருக்கு அரசு மகளிர் மருத்துவமனையில் நிலையான பதவி காத்திருந்தது. அதனை விடுத்து, நாளை என்னவாகுமோ என்றிருந்த சிறு நிலையத்தை அவர் தேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே உழைத்தார். பின்னர் நிலைய வளாகமே அவர் இல்லமாயிற்று. 1980 முதல் 1997 வரை அதன் இயக்குநராகவும், பின்னர்த் தலைவராகவும் விளங்கினார். மகசேசே விருது 2005இலும், பத்ம விபூஷண் 2016இலும் அவரை நாடி வந்தன. 2021 ஜனவரி 19இல் அவர் மறைந்தபொழுதும் அந்நிலையத்தின் தலைவராகவே இருந்தார்.

நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்ததோடு அவர் அமைதி அடைந்திருக்கலாம். ஆனால், முற்றிய நிலையில் வருவோரை நாள்தோறும் கண்ட அவர் உள்ளம், இவர்கள் ஏன் முன்பே வரவில்லை என்று வினவிற்று. அச்சம், அறியாமை, வறுமை, நாணம் ஆகியவையே விடைகள். எனவே நோயினைப் பதிவு செய்தல், பரிசோதனை முகாம்கள், புகையிலை எதிர்ப்பு ஆகியவற்றைச் சிகிச்சைக்கு நிகரான பணிகளாகக் கருதினார்.

புற்றுநோய்க்குக் காரணங்கள் உண்டு என்பதை உலகம் மெல்ல மெல்லவே கற்றது. புகைபோக்கிகளைத் துப்புரவு செய்த சிறுவர்கள் பெரியவர்களானபின் புற்றுநோய்க்கு ஆளாவதையும், புகைக்கரியே அதற்குக் காரணம் என்பதையும், 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் எடுத்துரைத்தார். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பு 1950இல் புலனாயிற்று. புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு வாய்ப்புற்றை விளைவிக்கும். புகையிலை சேராத பாக்கும் தீங்கற்றதன்று என்பது இப்போது தெளிவு. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வைரஸுக்கு இன்று தடுப்பூசி உண்டு. புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கத்தக்கவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

தொடக்கத்திலேயே கண்டறிவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமோ என்று நீங்கள் ஐயுறலாம். நம் திண்டுக்கல் மாவட்டமே அதற்கு விடை தந்தது. அங்கே டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் குழுவினர், பயிற்சி பெற்ற செவிலியரைக் கொண்டு, நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிக் கண்ணாலேயே பார்க்கும் எளிய சோதனையைச் சிற்றூர்ப் பெண்களிடையே நடத்தினர். மாறுதலுற்ற பகுதி வெண்மையாகத் தோன்றும். அதற்கு உடனே சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரே ஒரு முறை நடத்திய இச்சோதனையால் அந்நோய் 25 சதவீதமும், அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்பதை 2007இல் வெளியான முடிவுகள் காட்டின. சோதனைக்குத் தேவைப்பட்டவை ஒரு விளக்கு, சிறிது அமிலம், பழகிய கண்கள் ஆகியவையே.

மீண்டும் சேர்வராயன் மலைக்கு வருவோம். காப்பிப் பழம் பறிக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். மருத்துவரை நாடி மலையிறங்கினால் அன்றைய கூலி போகும். பேருந்துக் கட்டணமும் செலவாகும். வலியில்லாத வெண்படலம் ஒன்று வாயில் தோன்றினாலோ, மார்பில் சிறு கட்டி தட்டுப்பட்டாலோ, அடுத்த மாதம் பார்ப்போம் என்று அவள் தள்ளிப் போடுவது இயல்பே. அது அவள் குற்றமாகாது. அவள் மலையிறங்கி வரும்வரை காத்திராமல், மருத்துவம் மலையேறிச் செல்ல வேண்டும். சாந்தா அம்மையாரின் பணி நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

அப்பணியில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஆறாத புண், காரணமற்ற இரத்தப்போக்கு, வலியில்லாத கட்டி இவற்றை மறைக்க வேண்டாம் என்று வீட்டில் உள்ள தாயிடமும் பாட்டியிடமும் எடுத்துச் சொல்லுங்கள். புகையிலையை நீங்களும் தொடாதீர்கள். ஒரு தங்கையைக் காக்க இயலாத வேதனையிலிருந்து எழுந்தது அடையாற்று நிலையம். இன்னொரு தங்கைக்கு அந்நிலை நேராதபடி காப்பதே அம்மருத்துவர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம்.