காந்தத்தால் மருந்தை வழிநடத்த இயலுமா?

கட்டி இருப்பது ஓரிடத்தில். முடி ஏன் உதிர்கிறது, வாய் ஏன் புண்ணாகிறது என்று கீமோதெரபி பெறுவோரின் குடும்பத்தினர் பலர் வினவுவதுண்டு. சிரை வழியே செலுத்தப்படும் மருந்து குருதியோடு உடல் முழுவதும் பரவி, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகிறது. முடிவேர், வாயின் உட்சவ்வு, எலும்பு மச்சை ஆகியவற்றின் அணுக்களும் விரைந்து பெருகுவன; ஆதலால் அவையும் பாதிப்புறுகின்றன.

மருந்தைக் கட்டியிருக்கும் இடத்திலேயே தங்கச் செய்ய ஆராயப்படும் வழிகளுள் ஒன்று காந்த நானோ துகள். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பெரும்பாலும் இரும்பு ஆக்சைடால் ஆன இத்துகள்களின் மேற்பூச்சில் மருந்து பிணைக்கப்படும். அவற்றை ஊசி மூலம் செலுத்தி, கட்டிக்கு அருகே உடலின் வெளிப்புறத்தில் வலிய காந்தம் வைக்கப்படும். துகள்கள் அங்கே ஈர்க்கப்பட்டுத் தங்க, மருந்து அவற்றிலிருந்து விடுபடும். எஞ்சும் துகள்களைக் கல்லீரலும் மண்ணீரலும் குருதியிலிருந்து அகற்றுகின்றன.

ஜெர்மனியில் முற்றிய புற்றுநோயாளர் 14 பேரிடம் எபிருபிசின் என்னும் மருந்தை இவ்வாறு செலுத்திய முதற்சோதனையின் முடிவுகள் 1996இல் வெளியாயின. ஏறத்தாழப் பாதிப் பேரிடமே துகள்கள் கட்டியைச் சென்றடைந்தன. காந்தத்தின் ஈர்ப்பு, தொலைவு கூடும்போது மிக விரைவாகக் குறைவதே பெருந்தடை. தோலுக்கு அருகிலுள்ள கட்டியை எட்டும் விசை, கணையம் போன்ற ஆழ்ந்த உறுப்புகளை எட்டுவதில்லை. பல இடங்களுக்குப் பரவிய நோய்க்கு, ஓரிடத்தில் வைக்கும் காந்தம் போதாது.

எனவே இம்முறை இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. இதனை எதிர்பார்த்து, நடந்துவரும் சிகிச்சையை ஒத்திவைப்பது கட்டி வளர இடங்கொடுப்பதாகும். புற்றுநோயைத் தீர்க்கும் என்று கூறி விற்கப்படும் காந்தப் பட்டைகளையும் படுக்கைகளையும் நம்பவேண்டா. காந்தத் துகள் ஏற்றிய மருந்து உடலில் இல்லாதபோது, வெளியே வைக்கும் காந்தம் ஈர்ப்பதற்கு எதுவுமில்லை. இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்களுக்கு வலிய காந்தம் தீங்கும் விளைக்கலாம்.

புதிய மருந்தாய்வு ஒன்றில் சேருமாறு எவரேனும் அழைத்தால், அது நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றதா, பதிவு செய்யப்பட்டதா, இப்போதைய சிகிச்சை தடைப்படுமா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் அதனை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். இப்போது வாய்ப்புண்ணோ காய்ச்சலோ இருப்பின், அடுத்த தவணைவரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள். இவற்றைத் தணிக்கும் மருந்துகள் இன்றே உள்ளன.