பால் காளானும் பச்சைப் பூசணமும்

ஈர வைக்கோலில் காளானைவிட வேகமாகப் படரும் பூசணங்கள் பல உண்டு. ஆதலால் காளான் வளர்ப்பில் விளைச்சலைப் பெரிதும் தீர்மானிப்பது, அவை உள்ளே நுழையாதபடி காக்கும் தூய்மையே ஆகும். தமிழகத்தின் வெப்பத்துக்கு ஏற்ற பால் காளான் இதற்கு நல்ல சான்று. மேற்கு வங்கத்தில் கிடைத்த இக்காளானைப் புர்காயஸ்தா, சந்திரா என்னும் ஆய்வாளர்கள் 1974-இல் அறிவியல் பெயரிட்டு விவரித்தனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ‘ஏபிகே 2’ என்ற ரகத்தை வெளியிட்டது. மொட்டுக் காளான் குளிர்ச்சியை நாடுவதால் சமவெளியில் குளிர்சாதன வசதியின்றி விளையாது. பால் காளானோ 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே செழிக்கிறது.

தூய்மையின் முதற்படி வித்துக்கூடம். பூசண இழைகள், அதாவது காளானின் உடலாகிய வெண்ணிற நூல்கள், சோள மணிகளின் மேல் படர்ந்திருப்பதே காளான் வித்து எனப்படுகிறது. அரைவேக்காடாக அவித்த சோளத்துடன் கால்சியம் கார்பனேட் கலந்து, பைகளில் நிரப்பி, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் வைத்து, எந்த நுண்ணுயிரும் மிஞ்சாதபடி செய்கின்றனர். பின்னர், வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் லேமினார் ஃப்ளோ மேடையில், ஸ்பிரிட்டால் துடைத்த கைகளுடன் தாய்வித்தை அப்பைகளுக்கு மாற்றுகின்றனர். தானியம் சத்து மிகுந்ததாகையால், தப்பிய ஒரு கிருமிகூட அதில் பல்கிப் பெருகிவிடும் என்பதே இத்தனை கண்டிப்புக்குக் காரணம்.

வைக்கோலுக்கு அவ்வளவு கடுமை வேண்டியதில்லை. 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, சில மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் சுமார் ஒரு மணி நேரம் வேகவைத்து, தூய்மையான இடத்தில் உலர்த்தினால் போதும். உலர்த்தும் பதத்தில்தான் அனுபவம் பேசுகிறது: ஒரு பிடி வைக்கோலை இறுகப் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது, ஆனால் உள்ளங்கையில் ஈரம் தெரியவேண்டும். ஈரம் மிகுந்தால் படுக்கை அழுகும். குறைந்தால் இழை படராது.

பாலித்தீன் பையில் வைக்கோலும் வித்தும் அடுக்கடுக்காக இட்ட உருளைப் படுக்கை முழுவதும் வெண்மை படர்ந்ததும், அதை இரண்டாக வெட்டி, நீராவியில் வேகவைத்த மண்ணை 2 சென்டிமீட்டர் கனத்துக்கு மேற்பூச்சாக இடுகின்றனர். இம்மண் இல்லாமல் பால் காளான் சரியாக மொட்டு விடுவதில்லை. அதன்பின் குடிலில் 85 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதமும் வெளிச்சமும் காற்றோட்டமும் தேவை. கரியமில வாயு தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும்.

படுக்கைகளைப் பாழாக்குவதில் முதன்மையானது டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூசணம். வேரழுகலைத் தடுக்க உழவர்கள் விதையுடன் கலக்கும் டிரைக்கோடெர்மா விரிடியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வயலின் நண்பன் குடிலின் பகைவனாகிறான் என்பதால், அதைக் கையாண்டவர் குளித்து உடை மாற்றாமல் குடிலுக்குள் நுழையலாகாது. புதிதாகத் தொடங்குவோர் வித்து வாங்கும்போதே பையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பச்சை, கறுப்பு, மஞ்சள் புள்ளி ஒன்று தென்பட்டாலும் தயங்காமல் மறுத்துவிட வேண்டும்.